திறக்காத லென்ஸ்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது ஓட்டுநர் உரிமத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் உண்டு. வாயால் கூப்பிட ஆளில்லை. ஊருக்கு அவர் 'கொஞ்சம்' அண்ணன். கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் அவருக்கு அந்த ஒரு சொல் போதும். "கொஞ்சம் கிட்ட வாங்க. கொஞ்சம் தலையைத் தூக்குங்க. அந்தக் கோடியில நிக்கிற சார், கொஞ்சம் மூச்சை உள்ள இழுங்க, உங்க வயித்துக்குப் பின்னால ஒரு பொண்ணு நிக்குது." கூட்டம் சிரிக்கும். சிரிக்கிற அந்த நொடியில் அவர் விரல் அழுத்திவிடும். அவர் எடுத்த படங்களில் யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில்லை.

அவருடைய மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பைக்காரம்மா. தோளில் தொங்கும் கறுப்புப் பையோடு அவருக்கு ஓரடி பின்னால் எப்போதும் நிற்பாள். மண்டபத்தில் மேசை நாற்காலி போடுகிறவர்கள், "அதோ, கொஞ்சம் முன்னால போகுது, மிச்சம் பின்னால வருது" என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பார்க்கப்போனால் மிச்சம் எல்லாமே அவளிடம்தான் இருந்தது. பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ்கள், அவருடைய படிக்கிற கண்ணாடி, தலைவலி மாத்திரை, எந்த வீட்டு ஆல்பம் இன்னும் போய்ச் சேரவில்லை என்கிற நினைவு, எல்லாம்.

லென்ஸ் மாற்றுகிற நேரத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். அவர் கண் மேடையில் இருக்கும். கழற்றின லென்ஸைப் பின்பக்கமாக நீட்டுவார். அவள் வாங்கிக்கொண்டு, மூடியெல்லாம் எடுத்துத் தயாராக வைத்திருக்கிற அடுத்த லென்ஸை அவருடைய வலது உள்ளங்கையில் வைப்பாள். வைப்பாளே தவிர விடமாட்டாள். பிடித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அவர் "ம்" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் அவள் விரல் திறக்கும். அவள் வாங்கும்போதும் அதே சட்டம்தான்: அவள் "ம்" சொல்லும்வரை அவர் விடமாட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரு நல்ல பிளாஷ் லைட்டை இருவருமாகச் சேர்ந்து உடைத்தார்கள். 'நீ பிடிச்சுட்டேன்னு நினைச்சேன்' என்று அவரும், 'நீங்க விடமாட்டீங்கன்னு நினைச்சேன்' என்று அவளும் வீடு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அன்றைக்குப் பிறந்த சட்டம் அது. பிறகு அது வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. காபி டம்ளரைக் கொடுத்தாலும் "ம்", சாவியைக் கொடுத்தாலும் "ம்". மகள் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் குழந்தையை நீட்ட, இவர் வாங்கிக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி "ம்!" என்றார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலில் படுத்திருந்தவளுக்குத் தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பு.

இப்படிப்பட்ட இரண்டு பேர் கையிலிருந்துதான் அந்த எண்பத்தஞ்சு விழுந்தது.

எண்பத்தஞ்சு என்பது லென்ஸின் அளவு. முகங்களுக்கென்றே செய்த லென்ஸ் அது. முகம் மட்டும் துல்லியமாக நிற்கும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். வீட்டில் இருக்கிற பொருட்களிலேயே விலை கூடியது. மகளைக் கூட இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை என்று அவள் கிண்டல் செய்வாள்.

அன்று ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் மணப்பெண் தன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். அப்பாவும் அழுதார். 'கொஞ்சம்' அண்ணனுக்கு உடனே முகம் வேண்டும். கையைப் பின்னால் நீட்டினார். அவள் எண்பத்தஞ்சை வைத்தாள். "ம்" என்றார். அவள் விட்டாள்.

அவருடைய விரல்கள் மூடவேயில்லை. லென்ஸ் உள்ளங்கையில் உருண்டு, விளிம்பைத் தாண்டி, மேடைப் படியின் முனையில் மோதி, இன்னொரு படியில் மோதி, தரை விரிப்பில் போய் நின்றது. முன்னால் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி நொறுங்கிய சத்தம் பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஒன்றை மட்டும் அவள் அப்போதே கவனித்தாள். லென்ஸ் விழுந்தால் எந்த போட்டோகிராபரும் லென்ஸைத்தான் பார்ப்பான். அவர் லென்ஸைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதெல்லாம் ஒரு நொடிதான். அடுத்த நொடி திரும்பி, நாலு பேர் காதில் விழும்படி, "என்னம்மா இது, பிடிக்கிறதுக்கு முன்னாடியே விட்டுட்டியே!" என்றார்.

'நீங்க "ம்" சொன்னீங்களே' என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"கை வழுக்கிடுச்சுங்க" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து லென்ஸை எடுத்து அவளிடம் கொடுத்தார். "விடும்மா. யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். நல்ல மனுஷர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவள் தலையாட்டிவிட்டு நொறுங்கிய கண்ணாடித் துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டாள். மிச்ச வரவேற்பை அவர் வேறு லென்ஸில் எடுத்து முடித்தார். அன்றைக்கு அவர் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து லென்ஸைக் கிடத்தினார்கள். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது. உடைந்த கண்ணாடியின் வளையத்தைக் கழற்றியபோது முன்பக்க விளிம்பில் ஓரிடத்தில் சின்ன நெளிசல் தெரிந்தது. உள்ளே இருக்கிற உண்மையான கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. டார்ச் அடித்துப் பின்பக்கமாகப் பார்த்தார்கள். கீறல் இல்லை, விரிசல் இல்லை. போகஸ் வளையத்தைத் திருப்பினார்கள். மணல் அரைபடுவதுபோல் இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்கள். வெண்ணெய் மாதிரி சுற்றியது.

கடைசியில் அவர் லென்ஸைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார். "கேளு. உள்ள ஏதோ ஆடுது."

அவளும் வாங்கி ஆட்டிப் பார்த்தாள். ஏதோ லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்கத்தான் செய்தது. "இது முன்னாடியே இருந்த சத்தமா இருக்குமோ?"

"இருக்காது."

"இதுக்கு முன்னாடி என்னிக்காவது ஆட்டிப் பார்த்தோமா?"

ஒழுங்காக இருக்கிற பொருளை யார் காதில் வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள்? விழுந்த பிறகுதானே எல்லாச் சத்தமும் கேட்கிறது.

சுவரில் ஒரு முழுச் செய்தித்தாளை ஒட்டி, முக்காலியில் கேமராவை நிறுத்தி, நாலு மூலையும் தெரிகிற மாதிரி படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூலையிலும் எழுத்து எறும்பு வரிசையாய்த் தெளிவாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கு, சர்வீஸ் எதுக்கு?" என்றாள் அவள். "விழுந்த லென்ஸை நம்பக்கூடாது. இன்னும் ரெண்டு மூணு வேலையில பார்ப்போம்" என்றார் அவர்.

பார்த்தார்கள். ஒரு அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு வழியனுப்பு விழா. படங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒரு குழந்தையின் பிறந்தநாள். குழந்தையின் கண்ணுக்குப் பதில் காது துல்லியமாக வந்தது; பாதிப் படங்கள் ஆடிப்போயிருந்தன. "பார்த்தியா? உள்ள ஏதோ கழண்டிருக்கு" என்றார். ஒவ்வொரு படத்தையும் அவளுக்குக் காட்டிக் காட்டிச் சொன்னார். அவர் சொல்லாமல் சொன்னது அவளுக்குக் கேட்டது: நீ போட்டதால் வந்த வினை.

அவர் குளிக்கப் போயிருந்தபோது அவள் அதே லென்ஸை முக்காலியில் மாட்டி, தானே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேமராவைத் தானாக எடுக்க வைத்துத் தன் முகத்தை எடுத்தாள். பெரிதாக்கினாள். நெற்றியோரத்து நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் கூட அப்படியே இருந்தது. லென்ஸ் பொய் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற பழமொழி மனதில் வந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே தன்னைத் திட்டிக்கொண்டாள். அந்தப் படத்தை அழித்தும் விட்டாள்.

அதன் பிறகு அவள் லென்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்கத் தொடங்கினாள். சட்டையின் மேல் பொத்தானைப் போட அவருக்கு நேரம் பிடித்தது. சில காலைகளில் மட்டும்தான், மற்ற காலைகளில் விசிலடித்துக்கொண்டே போட்டார். ஒருநாள் கடைத்தெருவில் அவருடைய வலதுகால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் தெரியாமல் நடந்துகொண்டே இருந்தார். அவள் எடுத்துக்கொண்டு ஓடி, "என்னங்க, செருப்பு" என்றபோது, குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். அன்று மேடையில் கையைப் பார்த்த அதே பார்வை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, போகிறபோக்கில் சொல்வதுபோல், "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமா?" என்றாள்.

"யாரை?"

"உங்களைத்தான். கையில அடிக்கடி..."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "லென்ஸைப் போட்டது நீ. டாக்டரைப் பார்க்கணுமா நான்?"

நல்ல நியாயம்தான். ஒரு பொய்யை ஒருமுறை ஒத்துக்கொண்டால் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். அன்று மண்டபத்தில் வாயைத் திறந்திருந்தால் இன்று பேச அவளுக்கு இடம் இருந்திருக்கும். 'கை வழுக்கிடுச்சுங்க' என்று சொல்லித் தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டவள் இப்போது எந்தச் சாவியால் திறப்பாள்? பக்கத்து வீட்டுக்காரர்களும், தொலைதூரத்தில் வாழ்க்கைப்பட்ட மகளும் கூட, அம்மா லென்ஸைப் போட்டுவிட்டாள் என்றே நம்பினார்கள். "பரவாயில்லம்மா, வயசாகுதில்ல" என்று மகள் போனில் ஆறுதல் சொன்னாள்.

அவள் இரண்டு மூன்று நாள் யோசித்து ஒரு கணக்குப் போட்டாள். லென்ஸை சர்வீஸுக்குக் கொடுப்போம். அது சரியாகித் திரும்பி வந்த பிறகும் படம் ஆடினால் அவருக்குச் சொல்லச் சாக்கு இருக்காது. அப்போது தானாகவே டாக்டரிடம் வருவார். நேராகக் கூப்பிட்டால் வராத மனுஷனைச் சுற்று வழியில் கூட்டிப்போகிற யோசனை அது. அவளாக யோசித்ததில் அதுதான் மிக நல்ல யோசனை என்று அவளுக்குத் தோன்றியது. "சர்வீஸுக்குக் கொடுத்துடலாங்க" என்றதும் அவர் முகம் தெளிந்தது. "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

சர்வீஸ் கடை பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மெக்கானிக் லென்ஸை ஏதோ கருவியில் மாட்டிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் கோடுகளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். நெளிந்த விளிம்பை ஒரு இடுக்கி மாதிரி கருவியால் அழுத்தி நேராக்கினார்.

"அக்கா, இதுக்கு ஒண்ணும் இல்ல. ஜம்முனு இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"உள்ள ஏதோ ஆடுதே தம்பி?"

"இந்த மாடல் எல்லாமே அப்படித்தான் ஆடும். கம்பெனியிலிருந்து வரும்போதே ஆடும்."

அவளுக்குத் தெரிந்த பதில்தான். ஆனாலும் அது இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது மாடிப்படியில் இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. லென்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் கெட்டுப்போனது எது என்பதற்கு வேறு விடை இல்லை.

"தம்பி, நாலு நாள் இதை வெச்சிருந்து, சர்வீஸ் பண்ணினதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கறீங்களா?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். "திறக்காத லென்ஸுக்கு ஸ்டிக்கரா? அப்போ திறந்தே தர்றேனே."

"வேண்டாம். நல்லா இருக்கறதைத் திறந்து கெடுக்க வேண்டாம். வீட்டுக்காரருக்கு மனசு சமாதானம் ஆகணும், அவ்வளவுதான்."

"யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள். இப்போது அது தயங்காமல் வந்தது.

நாலு நாள் கழித்து, பின்பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கரோடு லென்ஸ் வீட்டுக்கு வந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கேமராவில் மாட்டி, "அந்த ஜன்னல்கிட்ட நில்லு" என்றார்.

"என்னை எதுக்கு?"

"கொஞ்சம் நில்லேன். ஊரையெல்லாம் எடுத்தாச்சு, பைக்காரம்மாவைத்தான் எடுக்கல. கொஞ்சம் தலையைச் சாய். ஐயோ, பாஸ்போர்ட்டுக்கா நிக்கிற? கொஞ்சம் சிரி."

அவள் சிரித்தாள். எடுத்தார். படம் பளிச்சென்று வந்தது. சாயவில்லை, ஆடவில்லை. கண்ணிமை முடிகளை எண்ணலாம்.

"பார்த்தியா! சரியாயிடுச்சு" என்றார் அவர்.

இங்கேதான் அவளுடைய கணக்கு தப்பியது. படம் ஆடினால் டாக்டர் என்றுதானே கணக்கு? படம் ஆடவில்லை. அடுத்த வேலையிலும் ஆடவில்லை, அதற்கடுத்ததிலும் ஆடவில்லை. பொத்தான் ஒழுங்காக விழுந்தது, செருப்பு காலிலேயே இருந்தது. அவர் மறுபடி கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். நாமாகத்தான் பயந்து செத்தோமோ என்று அவள் நினைக்கத் தொடங்கினாள். சில நாள் அவளுக்கே அந்த ஸ்டிக்கர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்தக் கொஞ்ச காலம் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு வயிறு எரிகிறது.

ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு வாரியாகக் குழுப்படம் எடுக்கிற நாள். மைதானத்தில் பெஞ்சுகளைப் படிபோல் அடுக்கிப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அவர் ஸ்டூலில் ஏறி நின்று, "கொ..." என்றார்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"கொ... கொ..."

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் "கொக்கொக்கோ" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார், 'கொஞ்சம்' அண்ணன் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது எப்போதும் நடப்பதுதானே. அத்தனை முகங்களும் மலர்ந்து நின்ற அந்த நொடியில், பின்னால் பையோடு நின்றவள் மட்டும் அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதைப் பார்த்தாள். பையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஸ்டூல் சாய்வதற்குள் அவரைத் தாங்கிக்கொண்டாள். கேமரா அவர் கழுத்தில் தொங்கியதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையாகப் பேசினார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார். உயிருக்குப் பயமில்லை என்றார். பிறகு கேட்டார். "இதுக்கு முன்னாடி ஏதாவது அறிகுறி வந்துச்சாம்மா? கை திடீர்னு மரத்துப்போறது, கையில இருக்கிற பொருள் நழுவி விழறது, வந்துட்டு உடனே சரியாப்போறது, அந்த மாதிரி?"

கட்டிலில் அவர் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார். வலதுபக்கம் முழுவதும் போட்டது போட்டபடி கிடந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, அவருக்குப் புரிகிறதா, யாருக்கும் தெரியாது. அவள் அவரைப் பார்த்தாள்.

"ஒரு லென்ஸ் விழுந்துச்சு" என்றாள். "நான்தான் போட்டேன்."

"நீங்க போட்டதைக் கேக்கலம்மா" என்றார் டாக்டர். "அவரைப் பத்திக் கேக்கறேன்."

அவள் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பார்க்க வந்தவர்களில் ஒருவர், "அப்பவே கவனிச்சிருக்கணும், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன?" என்று காரிடாரில் நின்று சொன்னார். ஊருக்கு உபதேசம் சொல்ல எத்தனை பேர்! ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளை அறுத்தது. ஒரு லென்ஸுக்காக டார்ச் அடித்துப் பார்த்தாள், காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள், பஸ் ஏறிப் போய்க் காட்டினாள். மனுஷனைக் கூட்டிப்போக வேண்டிய நேரத்தில் அவர் கோபத்துக்குப் பயந்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு நடை பாதி திரும்பியது. வலதுகை திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. 'கொஞ்சம்' என்கிற சொல் எங்கே போயிற்றோ போய்விட்டது. ஒரே ஒரு ஒலி மட்டும் மிஞ்சியது. பசிக்குதா என்றால் "ம்". வலிக்குதா என்றால் "ம்". வெளிச்சம் கண்ணைக் குத்துதா, ஜன்னலைச் சாத்தட்டுமா, திறக்கட்டுமா, எல்லாவற்றுக்கும் "ம்". முதல் சில வாரங்கள் அவள் அதில் அர்த்தம் தேடினாள். பிறகு விட்டுவிட்டாள். மகள் வந்து இருந்துவிட்டு, அழுதுவிட்டு, விடுப்பு முடிந்து போனாள்.

அவள் வீட்டு முன்னறையில் வெள்ளைத் துணி கட்டிப் பாஸ்போர்ட் படங்கள் எடுக்கத் தொடங்கினாள். கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால் அடுப்பு எரியாது. படம் சுமாராக வரும். யாரையும் சிரிக்க வைக்க அவளுக்குத் தெரியாது. நல்லவேளையாகப் பாஸ்போர்ட்டில் சிரிக்கக் கூடாது.

ஒரு மத்தியானம் வேலை இல்லை. பையைக் கொட்டி லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை எண்பத்தஞ்சின் மேலேயே நிற்பதைக் கண்டு, அதை எடுத்துப் போய் அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தாள். பழக்கதோஷம், விடாமல் காத்திருந்தாள்.

"ம்" என்றார். அவள் விட்டாள். அவர் இடதுகை அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

அவர் லென்ஸை மடியில் வைத்துத் திருப்பினார். கட்டைவிரல் நகத்தால் அந்தப் பச்சை ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினார். இடதுகைக்கு அந்த வேலை பழக்கமில்லை, வழுக்கிக்கொண்டே போனது. உதவிக்கு நீண்ட அவள் கையை முழங்கையால் தள்ளிவிட்டார். கடைசியில் ஸ்டிக்கர் கிழிந்து சுருண்டு வந்தது. அதை அவர் கீழே உதறினார். பிறகு லென்ஸின் பின்பக்கத்து உலோக வளையத்தை அவள் பக்கமாகத் திருப்பி, அங்கிருந்த சின்னத் திருகாணிகள் மேல் விரலை வைத்தார். ஒன்றின் மேல், அடுத்ததன் மேல், அதற்கடுத்ததன் மேல்.

அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. திறந்த லென்ஸின் திருகாணியில் கறுப்புப் பூச்சு உரிந்து உலோகம் மின்னும். இதை அவரேதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார், பழைய லென்ஸ் வாங்கப் போகும்போதெல்லாம். இந்தத் திருகாணிகளில் பூச்சு அப்படியே இருந்தது. ஒரு கீறல் கிடையாது. சர்வீஸிலிருந்து வந்த அன்று அவர் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தாரே, இதைத்தான் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. சொல்ல முடியாத கோபம். "தெரிஞ்சுமா? லென்ஸைத் திறக்கவே இல்லைன்னு தெரிஞ்சும், ஜன்னல்கிட்ட என்னை நிக்க வெச்சு, சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே! நான் உங்களை ஏமாத்தறேன்னு நினைச்சு நான் செத்துக்கிட்டு இருந்தேன். நீங்க என்னை ஏமாத்திக்கிட்டு இருந்தீங்களா? பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் உங்களைத் தூக்கிக்கிட்டாவது போயிருப்பேனே!"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஒரு பக்கம் துடைத்துக்கொள்ளக் கை இல்லை; மறுகையில் லென்ஸ் இருந்தது. அவள் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

வெகுநேரம் கழித்து, அன்று மண்டபத்தில் விழுங்கினதை வெளியே எடுத்தாள்.

"அன்னிக்கு மேடையில நீங்க 'ம்' சொன்னீங்கதானே?"

"ம்."

பசிக்கும் வலிக்கும் ஜன்னலுக்கும் சொல்கிற அதே "ம்". இதை எந்தச் சபையிலும் சாட்சியாக வைக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் லென்ஸைத் தூக்கி அவள் பக்கமாக நீட்டினார். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இனி அவள்தான் சொல்ல வேண்டும், சட்டம் அப்படி.

அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் விட்டுவிடுவார்.